காக்கை இல்லாத துறைமுகம்

திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு கதவு என் மருமகளைப் பார்த்துக் கத்தியது. கதவு என்றால் வெறும் சட்டம்தான், பலகை கிடையாது. நான் நுழைந்தேன், அது வாயைத் திறக்கவில்லை. வசந்தா நுழைந்தாள், கீச்சென்றது. காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி கையிலிருந்த கருவியால் அவள் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துக் கழுத்தில் நிறுத்தினாள்.

"தாலியா? நல்ல கனமா இருக்கே."

"எங்க வூட்ல போட்டது தாயி" என்றேன். "போட்டவனத் தேடித்தான் போறோம். அது இல்லாமப் போனா யாரு எவருன்னு கேப்பான்."

அந்தப் பெண் சிரித்தாள். வசந்தா சிரிக்கவில்லை. மூன்று வாரமாக அவள் எதற்கும் சிரிப்பதில்லை. நான்தான் விடாமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன். வாயை மூடினால் அழுகை வந்துவிடும் என்கிற பயம்.

மணிவேல் என் ஒரே மகன். பெரம்பலூரில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் லாரிகளின் கம்ப்ரெசரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருசம் எங்கள் அரியலூர்ப் பக்கம் சிலர் வந்து வயல் முழுக்க ஒயர் இழுத்தார்கள். குழி தோண்டி வெடி வைத்து, பூமிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டார்கள். அவர்கள் மெஷின் படுத்துக்கொண்டது, இவன் போய் எழுப்பிவிட்டான். அந்தப் பழக்கத்தில் கடலில் இதே வேலை செய்கிற கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வெடி இல்லையாம், காற்றுத் துப்பாக்கியாம். அதற்குக் காற்று அடைக்க இவன் கம்ப்ரெசர்.

மலேசியாவில் மிரி என்கிற ஊருக்கு எதிரே, நடுக்கடலில், கப்பலின் பின்தளத்திலிருந்து விழுந்துவிட்டான். அவன் போட்டிருந்த மிதவைச் சட்டை கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. காணவில்லை என்றது கம்பெனி. குடும்பத்தில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னது.

என் கொழுந்தனார் சின்னசாமிதான் எங்கள் பங்காளிகளில் பெரியவர். "அண்ணி, நம்ம ஆளு ஒருத்தர் நேர்ல போயி விசாரிச்சுட்டு வந்து ஒரு வார்த்த சொல்லணும். அப்பறம்தான் கருமாதியோ, சாமிக்கு வேண்டுதலோ" என்றார். ஒரு வார்த்தை. அதை நான் சொல்ல வேண்டும். நான் சொல்கிற வார்த்தையில்தான் வசந்தா கழுத்தில் கிடப்பது இருப்பதும் இறங்குவதும்.

புறப்பட்ட அன்று அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லிருங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. நடுவுல நிக்க முடியல என்னால." வசந்தாவின் மகள் அவளுடைய பாட்டி வீட்டில், அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மிரியில் இறங்கியதும் ஒரு பெரிய மனிதர் என் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தலையில் தொப்பி, தாடியில் பாதி நரை.

"அஸ்ஸலாமு... வணக்கம் பெரியம்மா. நான் ஜமால். நமக்கு லெப்பைக்குடிக்காடு. இங்க சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். பேச்சுக்கு ஆள் வேணும்னு கம்பெனில கேட்டாங்க."

"லெப்பைக்குடிக்காடா! இம்மாந்தூரம் பறந்து வந்து பெரம்பலூர்க்காரரத்தான் பாக்கணுமா? அங்கயே பஸ் ஏறி வந்துருப்பனே!"

அவர் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவளிடம் சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குப் புரியவில்லை. "சிரிங்க, பரவால்ல" என்றேன்.

அவருடைய வேன் நம் ஊர் மினி பஸ்ஸின் சித்தப்பா. பாதி வழியில் மழை பிடித்தது. நம் மழை மாதிரி தூறல், சாரல் என்று வரிசையாக வருவதில்லை. யாரோ அண்டாவைக் கவிழ்த்தது போல ஒரே கொட்டு. ரோட்டில் தண்ணீர் நின்று, வேனும் நின்றது. ஜமால் இறங்கித் தள்ளினார். வசந்தாவும் இறங்கித் தள்ளினாள். நான் உள்ளே உட்கார்ந்து கனம் கொடுத்தேன். சீனர்கள் இரண்டு பேர் கடையிலிருந்து ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். அதில் ஒருவர் ஏதோ சொல்ல, ஜமால் மொழிபெயர்த்தார்: "உள்ள இருக்கிற அம்மா ராணியான்னு கேக்குறார்."

"ராணியோட மாமியாருன்னு சொல்லுங்க."

வழியில் ஒரு குன்றைக் காட்டினார். மேலே பழைய மரக் கோபுரம் ஒன்று நிற்கிறதாம். இந்த ஊரில் முதன்முதலில் எண்ணெய் எடுத்த கிணறு. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பெரிய கிழவி. "நான் வர்றது முன்னாடியே தெரிஞ்சு போச்சா?" என்றேன். ரஞ்சன்குடிக் கோட்டையை நாம் எட்ட நின்று காட்டுவது மாதிரி காட்டினார், நானும் எட்ட இருந்தே பார்த்துக்கொண்டேன். ஏறிப் பார்க்க எனக்கு முட்டி இல்லை.

இராத்திரிச் சாப்பாடு அவர் கடையில். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஓரத்தில் நெத்திலிக் கருவாடு, பக்கத்தில் இனிக்கிற மிளகாய்த் துவையல். மிளகாயை இனிக்க வைக்கிறவர்களை நம்பலாமா என்று தெரியவில்லை. ஆனால் கருவாடு உலகம் முழுக்க ஒரே பாஷைதான் பேசுகிறது. வசந்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டோடு வெளியே எடுத்துப் போனாள். வீட்டில் மிச்சச் சோற்றைக் காக்கைக்கு வைத்தே பழக்கம். இருட்டிவிட்டதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்படியே திரும்பி வந்தாள்.

"அத்தே, வந்ததுலேர்ந்து ஒரு காக்காகூடக் கண்ணுல படல."

"அதுங்களுக்கு விசா குடுக்கலயோ என்னமோ" என்றேன்.

மறுநாள் கம்பெனி ஆபீஸ். பல்லுக்குப் பல் மோதுகிற குளிர். லிங் என்கிற சீனப் பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். வசந்தா வயசுதான் இருக்கும். கப்பல் கொண்டுவருகிற சத்தத்தை வைத்துக் கடலடியைப் படமாக்குவது அவள் வேலை. அவளே எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். மணிவேல் விழுந்ததற்கு அவள்தான் பொறுப்பு என்பது போலத் தலை குனிந்தே பேசினாள். ஜமால் இடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

கப்பல் மனிதர் நடக்கிற வேகத்தில் போகும். பின்னால் நீளமான வடங்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றும் அடுத்த ஊர் எட்டும் நீளம். வடம் முழுக்கக் காதுகள். துப்பாக்கிகள் காற்றைத் தண்ணீருக்குள் டொப் டொப்பென்று விடும். சத்தம் கடலடி மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கி, பாறையில் முட்டித் திரும்பும். எது எவ்வளவு நேரங்கழித்துத் திரும்புகிறது என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று வரைவார்கள்.

கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் ஊர்க் குவாரிச் சுவர். சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்த பள்ளத்தில் நின்று பார்த்தால் வரி வரியாக, அடுக்கடுக்காக, அப்படியேதான் இருக்கும். அந்தக் கல்லுக்குள் சிப்பியும் சுருள் நத்தையும் கிடைக்கும். ஒரு காலத்தில் அரியலூரே கடலாம், மணிவேல் சொல்வான்.

"இது என்னா, சட்டியக் கவுத்த மாதிரி?" என்று ஒரு மேட்டைத் தொட்டேன்.

லிங்குக்கு முகம் மலர்ந்தது. அதைத் தேடித்தான் இத்தனையும். அப்படிக் கவிழ்ந்த பாறைக்குக் கீழே எண்ணெயோ வாயுவோ வெளியே போக வழியின்றித் தங்கியிருக்கலாம்.

"இருக்கலாம்னா? இருக்கா இல்லியா?"

"துளை போட்டால்தான் தெரியும். அதுவரை இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்."

வசந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை மூன்று வாரமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புண்ணாகியிருந்தது.

அடுத்து ஒரு வரைபடம். கப்பல் போய்வந்த தடமெல்லாம் உழுத வயல் மாதிரி நிறம் நிறமாக. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நிறம் இல்லை. வெள்ளையாக ஒரு கீற்று.

"இங்க ஏன் உழல?"

லிங் ஜமாலிடம் மெதுவாகச் சொன்னாள். ஜமால் என்னிடம் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். "அதுதான் பெரியம்மா அந்த எடம். ஆள் விழுந்துட்டார்னு கொரல் வந்ததும் துப்பாக்கிய நிறுத்திட்டாங்க. அதனால படம் இல்ல."

"கப்பல நிறுத்துனாங்களா?"

"நிறுத்த முடியாதாம். நின்னா வடமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கிட்டு முங்கிரும். திரும்புறதுக்கும் மணிக்கணக்காகும். சின்ன போட்ட எறக்கி விட்டிருக்காங்க. கூட வந்த காவல் படகும் போயிருக்கு. மறுநாள் பிளேன்லயும் தேடிருக்காங்க."

எனக்குத் தெரிந்த வண்டியெல்லாம் நிற்கும். வேண்டாத இடத்திலும் நிற்கும்.

அந்த ஆபீசில் வசந்தா அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள். "சட்டை கெடச்சுதுன்னீங்களே. அத அவரே கழட்டிருக்கலாம்ல? நல்லா நீந்துவாரு. கெணத்துல முங்குனா அடிமண்ண எடுத்துட்டுத்தான் வருவாரு. ஏதாவது மீன்பிடி போட்டுல ஏத்திருக்கலாம்ல?"

ஜமால் மொழிபெயர்த்தார். லிங் வரைபடத்தை மூடிவைத்தாள். "நாளை சாயங்காலம் கப்பல் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. அதற்கு முன் நீங்கள் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்றாள். வாசல்வரை வந்தவள் இன்னொன்றும் சொன்னாள். நான் பிறகு கேள்விப்பட்டு வருத்தப்படக் கூடாதே என்று சொன்னாளாம். கப்பல் முதலில் போகப்போவது அந்த வெள்ளைக் கீற்றுக்குத்தான். அதை நிரப்பாமல் படம் முழுசாகாது. கவிழ்ந்த சட்டி அதற்குக் கீழேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் கப்பல். ஆற்று முகத்துவாரத்தில் பலகைக் கட்டைகள் அடுக்கிய துறை. கப்பல் எங்கள் பக்கத்துச் சிமென்ட் ஆலை எழுந்து வந்து தண்ணீரில் உட்கார்ந்தது போல இருந்தது. தலையில் மஞ்சள் குல்லா மாட்டிவிட்டார்கள். எனக்கு அது கொண்டைமேல் நின்றது. "கழுகு உக்காந்த மாதிரி இருக்கு பெரியம்மா" என்றார் ஜமால். அவருக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது.

பின்தளத்தில் வடங்களைப் பெரிய உருளைகளில் சுருட்டி வைத்திருந்தார்கள். கம்ப்ரெசர் அறையைக் காட்டினார்கள். சூடும் எண்ணெய் வாசமும். பெரம்பலூர் போர் லாரிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரியே இருந்தது. மணிவேல் வீட்டுக்கு வரும்போது சட்டையில் இதே வாசம்தான் வரும். வசந்தா சுவரில் கையை வைத்து நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். சன்னலோரம் ஒரு மேசையில் தட்டு ஒன்று தனியாக இருந்தது. சோறு, பொரித்த மீன், ஒரு தம்ளர் தண்ணீர். யாரும் உட்காரவில்லை. நாற்காலி இழுத்து வைத்திருந்தது.

வசந்தா அப்படியே நின்றுவிட்டாள். "அத்தே... படச்சுட்டாங்க."

பின்வாங்கியவள் பக்கத்து மேசையில் மோதிக்கொண்டாள். ஜமால் தாங்கிப் பிடித்தார். சமையற்காரர் பிலிப்பைன்ஸ்காரர், பதறிக்கொண்டு ஓடிவந்தார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கையைக் கையைப் பிசைந்தார். ஜமால் கேட்டுச் சொன்னார்: "படையல் இல்ல தங்கச்சி. அவர் திரும்பி வர்றவரைக்கும் அவர் எடத்த யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு வேளா வேளைக்கு அவர் தட்ட வைக்கிறாங்களாம். நம்பிக்கையில வைக்கிறது."

சொன்னது அவள் காதில் ஏறவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊரில் ஆளில்லாத இடத்தில் சோறும் தண்ணீரும் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மீனைப் பிட்டேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மனுசி உட்கார்ந்து தின்றால் அது படையல் இல்லை, சாப்பாடு. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

"மீனுக்கு மசாலாவே இல்ல" என்றேன். "எம் மவன் இதத் தின்னுட்டா இருந்தான்? அதான் குதிச்சுட்டானோ என்னமோ."

வசந்தா என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஒரு வெளிச்சம் வந்தது. அத்தை சாப்பிடுகிறாள் என்றால் அத்தைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அவர் இருக்கிறார். அப்படித்தான் அவள் நினைத்தாள். அவளும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லாமல் முள் எடுத்த மீனை அவள் பக்கம் தள்ளினேன்.

சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் காற்றுக்கு நின்றேன். வசந்தா கீழேயே சமையற்காரரிடம் சைகையில் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது முக்காடு போட்ட ஒரு பெண் ஜமாலிடம் வந்து ஏதோ கேட்டாள். பெயர் நூரா. கப்பலில் அவள் வேலை கடலைப் பார்ப்பது. நாளெல்லாம் தூரக் கண்ணாடி வைத்துக்கொண்டு திமிங்கிலமோ டால்பினோ வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால் துப்பாக்கியை நிறுத்தச் சொல்வாள். ஆரம்பிக்கும்போதும் எடுத்த எடுப்பில் பெரிதாக வெடிக்க மாட்டார்களாம். சின்னதாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், அந்த ஜீவன்கள் விலகிப் போகட்டுமென்று.

"எங்க குவாரியில ஒரு விசில ஊதிட்டு வெடிப்பாங்க. வூட்டுச் சுவரு விரிசல் வுட்டதுதான் மிச்சம்" என்றேன். "திமிங்கிலமாப் பொறந்திருக்கலாம்."

நூரா சிரிக்கவில்லை. அவள் சொன்னதை ஜமால் தமிழில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அன்றைக்கு அவள் இங்கேதான் நின்றிருந்தாள். பின்தளத்தில் துப்பாக்கியைக் கட்டியிருந்த இரும்பு வடம் ஒன்று அறுந்து அடித்தது. அடி மணிவேல் தலையில். தண்ணீருக்குள் போகும்போதே அவன் உடம்பு துவண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று முதலில் கத்தியது அவள்தான். பிறகு கண்ணிலிருந்து தூரக் கண்ணாடியை எடுக்கவே இல்லை. மிதவைச் சட்டை அவனை மிதக்க வைத்தது. முகம் தண்ணீருக்குள் இருந்தது. ஒரு கைகூட அசையவில்லை. அலை தூக்கியது, இறக்கியது, ஒவ்வொரு தடவையும் முகம் கீழேதான். வடங்களுக்கு நடுவில் போனான். அப்புறம் ஒரு பெரிய அலை. அது இறங்கியபோது சட்டை மட்டும்தான் இருந்தது.

"கம்பெனில எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். தூரத்துலேர்ந்து பாத்தது, ஒடம்பும் கெடைக்கல, அதனால காணலன்னுதான் போட முடியும்னுட்டாங்களாம். அம்மாவுக்காவது தெரியணும்னு சொல்றா" என்றார் ஜமால். பிறகு அரபியில் ஏதோ முணுமுணுத்தார்.

நான் மணிவேலுக்கென்று உடையார்பாளையத்து முந்திரி வாங்கி வந்திருந்தேன். இருந்தாலும் இருப்பான் என்று ஒரு நப்பாசை. பொட்டலத்தை எடுத்து நூரா கையில் வைத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

வசந்தாவிடம் சொல்ல வேண்டிய அந்த வேலைக்கு வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிற வாய் அது. வசந்தா மேலே வந்தாள். சமையற்காரர் மகள் படத்தைக் காட்டினாராம், நம் பாப்பா வயசுதானாம். அவள் முகத்தில் காலையில் இல்லாத ஏதோ இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை அந்தக் கப்பலில் உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் புறப்படுமுன் சீக்கிரமே சாப்பாடு போட்டார்கள். சன்னலோரம் மறுபடியும் தட்டு. சோறு, மீன், தண்ணீர். வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். உட்காருவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் உட்காரவில்லை. தம்ளர் தண்ணீரை எடுத்துத் தட்டைச் சுற்றி விட்டேன். தட்டைக் கையில் எடுத்தேன். வெளியே கம்பித் தடுப்போரம் போய் நின்று, ஒரு பிடி சோற்றை உருட்டி வைத்தேன். வானத்தைப் பார்த்தேன்.

கூப்பிட வேண்டும். கா கா என்று கூப்பிட வேண்டும். சத்தம் வரவில்லை.

வசந்தா பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"யாரு பாத்தா?"

"அந்த முக்காடு போட்ட பொண்ணு."

"கை அசஞ்சுதா?"

"இல்ல தாயி."

என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "இங்க காக்கா இல்ல அத்தே" என்றாள். குனிந்து, உருட்டி வைத்த சோற்றையும் தட்டிலிருந்ததையும் கைக் கையாக அள்ளித் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன மீன்கள் மேலே வந்தன. அத்தனையும் தீர்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தட்டைக் கொண்டுபோய்ச் சமையற்காரரிடம் கொடுத்து, போதும் என்று கையசைத்துச் சொன்னாள். அவருக்கு ஜமால் விளக்க வேண்டியிருக்கவில்லை. குல்லாயைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கரையில் நின்று கப்பல் போவதைப் பார்த்தோம். நாளைக்கு அந்த வெள்ளையை நிரப்பிவிடுவார்கள். எண்ணெய் இருந்தால் எடுப்பார்கள்.

அறைக்கு வந்ததும் சின்னசாமிக்கு போன் போட்டேன்.

"என்னா அண்ணி ஆச்சு?"

"முடிஞ்சுது சின்னசாமி."

அந்தப் பக்கம் ஆம்பளை அழுகிற சத்தம். அடங்கியதும் சொன்னார்: "சரி, பொம்பளைங்களுக்குச் சொல்லி வச்சிர்றேன். நீங்க வந்த மறுநா விடியக்காலம் வசந்தாவ உக்கார வச்சு தாலிய..."

"வாணாம்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணி?"

"இருக்கு. எனக்கும் உக்கார வச்சுத்தான பண்ணாங்க? அத நான் பாத்துக்கறேன். நீ கருமாதிக்குப் பந்தல மட்டும் பாரு."

வசந்தா கட்டிலில் முதுகு காட்டிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஊர் திரும்புகிற அன்று ஜமால் பரோட்டா கட்டிக் கொடுத்தார். "எங்க வூட்டுப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க பெரியம்மா, அம்மா இருக்காங்க" என்றார்.

மிரி ஏர்போர்ட்டிலும் அதே பலகையில்லாத கதவு. வசந்தா முன்னால் போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கதவு கத்தவில்லை. அவள் அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள். கழுத்து வெறுமையாக, சின்னப் பிள்ளை கழுத்து மாதிரி இருந்தது.

அடுத்து நான். வந்தபோது என்னை மதிக்காத கதவு இப்போது ஊரைக் கூட்டியது. காவல்காரப் பெண் கருவியை மேலிருந்து இறக்கி என் இடுப்பில், மடிச் சுருக்கில் நிறுத்தினாள். உள்ளே என்ன என்று சைகையில் கேட்டாள்.

நான் மடியைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"காட்டுங்க அத்தே" என்றாள் வசந்தா, அந்தப் பக்கத்திலிருந்து.